பெனிபிட் (அரசு உதவிப்பணம்) எடுப்பவர்களுக்கு வீடு இல்லை என்று சொல்லும் லண்டன் தமிழ் வீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், டூட்டிங், மிட்சம் பக்கங்களில் வீடு வாடகைக்கு விடும் தமிழர்களுக்கும், அந்த வீடுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தமிழ் ஏஜென்சிக்காரர்களுக்கும்,

எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழு ஒன்றில் அண்மையில் வந்த விளம்பரம் இது: "இரண்டு அறை வீடு. ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிட நடை. கோயிலுக்கும் தமிழ்க் கடைக்கும் பக்கம். தமிழ்க் குடும்பத்துக்கு முன்னுரிமை. வேலை செய்பவர்கள் மட்டும். பெனிபிட் எடுப்பவர்கள் தயவுசெய்து அழைக்க வேண்டாம்."

'தயவுசெய்து' என்று போட்ட மரியாதைக்கு நன்றி. போட்டவர் யார் என்று நான் எழுதப்போவதில்லை. அவர் ஒருவர் மட்டும் என்றால் இந்த மடலே தேவையில்லை. வீடு தேடி அலைகிற நாங்கள் எல்லோரும் இதே வரியை வெவ்வேறு எழுத்துப்பிழைகளோடு தினமும் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

நான் வேலை செய்கிறவள். பெனிபிட்டும் எடுக்கிறவள். இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம் என்பது உங்களில் பலருக்கு இன்னும் பிடிபடவில்லை.

முதியோர் இல்லம் ஒன்றில் கெயரர் வேலை. கணவருக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ். அவரைப் பார்த்து, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு எடுத்து, மிச்ச நேரத்தில் எத்தனை ஷிஃப்ட் செய்ய முடியுமோ அத்தனையும் செய்கிறேன். அந்தச் சம்பளத்தில் மட்டும் லண்டனில் இரண்டு அறை வீட்டுக்கு வாடகை கட்ட முடியாது. அதனால் யூனிவர்சல் கிரெடிட்டில், அதாவது குறைந்த வருமானக்காரருக்கு அரசு மாதாமாதம் தரும் உதவியில், வாடகைக்கென்று ஒரு பங்கு வருகிறது. நாங்கள் இருந்த வீட்டின் வாடகை மாதம் 1,750 பவுண். அரசு தரும் தொகைக்கும் அதற்கும் இடையில் 400 பவுண் அளவுக்குத் துண்டு விழும். அது என் சம்பளத்தில் இருந்து போகும், முதல் செலவாக. சாப்பாடு, கரண்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த நாட்டில் யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வேலைக்குப் போகிறவர். உங்கள் கடையில் கல்லாவில் நிற்கிற பிள்ளை, உங்கள் அம்மாவைக் குளிக்க வார்க்க வருகிற கெயரர், இரவு பத்து மணிக்கு உங்கள் வாசலில் கொத்துரொட்டிப் பார்சலோடு நிற்கிற தம்பி, இவர்களில் யாரையாவது ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் லண்டன் வாடகை கட்ட முடியாது என்பதால்தான் மீதியை அரசு போடுகிறது. அந்தக் காசு கடைசியில் போய்ச் சேருவது எங்கே? வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு. எங்கள் கையில் அது ஓரிரு நாள்கூடத் தங்குவதில்லை.

வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர் சொன்னதும் தேடத் தொடங்கினோம். தமிழ் வீட்டுக்காரர்களோடு நடந்த தொலைபேசி உரையாடல்கள் பெரும்பாலும் ஒரே அச்சுத்தான். ஒன்றை மட்டும் அப்படியே எழுதுகிறேன்.

"எந்த ஊர் பிள்ளை?"

சொன்னேன்.

"ஓ, எங்கட பக்கம்தான். மாமா ஆர்?"

சொன்னேன்.

"அவரைத் தெரியுமே! சரி சரி. நீங்க என்ன வேலை?"

"கெயர் ஹோமில அண்ணை."

"ஹஸ்பண்ட்?"

"அவருக்கு டயலிசிஸ் நடக்குது. வேலைக்குப் போகேலாது."

"அப்ப பெனிபிட்டோ?"

"வாடகைக்குக் கொஞ்சம் வருது அண்ணை. மிச்சம் என்ர சம்பளம். முந்தின வீட்டுக்காரரிட்ட ரெஃபரன்ஸ் எடுத்துத் தருவன்."

"அது பிள்ளை... எங்கட மோட்கேஜ்காரர் விடமாட்டினம். குறை நினைக்காதேங்கோ."

ஊர், மாமா வரைக்கும் வந்த உறவு, பெனிபிட் என்றதும் மோட்கேஜ்காரரிடம், அதாவது வீட்டுக்கடன் கொடுத்த வங்கியிடம், போய் நின்றுவிட்டது. எல்லோருடைய மோட்கேஜ்காரரும் ஒரே மாதிரிக் கண்டிப்பானவராக இருப்பது எனக்கு அதிசயமாகத்தான் இருந்தது. ஒருகாலத்தில் சில வங்கிகள் அப்படி நிபந்தனை போட்டது உண்மை. பிறகு பல வங்கிகள் அதை எடுத்துவிட்டன. இப்போது சட்டமே அந்த நிபந்தனை செல்லாது என்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏஜென்சிகள் இன்னும் நாசூக்கு. அவர்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வதில்லை. மாத வாடகையின் முப்பது மடங்கு ஆண்டு வருமானம் இருக்க வேண்டும் என்கிறார்கள். 1,750 பவுண் வாடகைக்கு 52,500 பவுண். யூனிவர்சல் கிரெடிட்டை அந்த வருமானத்தில் சேர்ப்பீர்களா என்று கேட்டால், "சிஸ்டம் எடுக்காது அக்கா." இல்லாவிட்டால், வாடகைக்குப் பொறுப்பு நிற்க ஒரு கியாரண்டர் கொண்டுவா, ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டு என்றார்கள். ஆறு மாத வாடகையை ஒரே தடவையில் வைக்கக் கூடியவளுக்கு வாடகை உதவி எதற்கு? சீட்டு எடுத்து, நகையை வைத்து, தம்பியிடம் வட்டிக்கு வாங்கி அப்படிக் கட்டிய குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அந்தக் கடனின் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னை இந்த மடல் எழுத வைத்தது வேறொரு வகை வீட்டுக்காரர். இவர் மறுக்கமாட்டார். வீட்டைத் திறந்து காட்டுவார். தேத்தண்ணிகூடத் தருவார். அப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போனோம். மேல் அறையில் அலுமாரியை இழுத்துப் பார்த்தால் சுவரில் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சணம். சரி, துடைத்துப் பெயின்ட் அடிக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். வாடகையும் கொஞ்சம் குறைவு. பிறகு நிபந்தனை வந்தது. "வாடகை கையில காசாத் தாங்கோ. அக்ரிமென்ட் ஒண்டும் வேண்டாம், நாங்கள் தமிழாக்கள்தானே, நம்பிக்கைதான். கவுன்சில் டாக்ஸ் எங்கட பேரிலயே இருக்கட்டும். உங்கட கடிதங்களை வேற விலாசத்துக்கு எடுங்கோ. பெனிபிட்டுக்கு இந்த விலாசம் குடுக்க வேண்டாம்."

என் கணவரை டயலிசிஸுக்கு ஏற்றிப் போக ஆஸ்பத்திரி வண்டி வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் வீட்டு வாசலுக்கு வரும். அது எந்த விலாசத்துக்கு வர வேண்டும்? நான் அவரிடம் அதைத்தான் கேட்டேன். அவருக்கும் பதில் தெரியவில்லை. "வண்டிக்குக் குடுக்கலாம், கவுன்சிலுக்குத்தான் வேண்டாம்" என்று இழுத்தார்.

இதில் உள்ள கள்ளத்தனத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை உதவி என்றே உங்களில் சிலர் நினைக்கிறீர்கள். வாடகைப் பங்கு கேட்டு விண்ணப்பித்தால், இந்த வீட்டில் இவ்வளவு வாடகைக்கு இருக்கிறேன் என்று அத்தாட்சி காட்ட வேண்டும். அக்ரிமென்ட் வேண்டும், அல்லது வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும். நீங்கள் அதைத் தர மறுத்தால் எனக்கு உரித்தான உதவி எனக்கு இல்லை. வேறு விலாசத்தைக் கொடுத்து அந்த உதவியை எடுத்தால் அது மோசடி, மாட்டுப்படுவது நான். நீங்கள் ஒளிப்பது உங்கள் வாடகை வருமானத்தை. அதற்கு வரி கட்டாமல் இருக்க என்னை இல்லாத ஆளாக்கப் பார்க்கிறீர்கள். டிபொசிட்டும் அப்படித்தான். டிபொசிட்டை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட வேண்டும் என்பது 2007-இல் இருந்து நடைமுறை, இப்போது அதற்கு வாங்கியதில் இருந்து 30 நாள் அவகாசம். 2019 ஜூன் முதல், ஆண்டு வாடகை 50,000 பவுணுக்குக் குறைந்த வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டிபொசிட் வாங்கவும் கூடாது. கையில் கொடுத்த டிபொசிட் திரும்பி வந்ததாக நம் ஆட்களில் எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வெளிக்கிடும்போது கார்பெட்டில் கறை இருக்கும், அடுப்பில் எண்ணெய் இருக்கும், கணக்கு நேராகிவிடும்.

வரிக்குப் பயந்துதான் இதெல்லாம் என்றால், அதற்கும் வழி இருக்கிறது. வருமானவரி அலுவலகம் 2013-இல் இருந்து வீட்டுக்காரர்களுக்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது. விட்டுப்போன வாடகை வருமானத்தை அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் தாமாகவே போய்ச் சொன்னால் தண்டம் குறைவு. கணக்காளரைக் கேளுங்கள். நம் ஆட்களில் கணக்காளருக்கா பஞ்சம்?

இனி ஒரு கசப்பான விஷயம். உங்களில் மூத்தவர்கள் கோபிக்க வேண்டாம்.

1983-க்குப் பிறகும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியவர்களின் கதைகளை நான் உங்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் பத்துப் பேர், பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை, பகலில் மற்றவர் எழும்பிய படுக்கையில் தூக்கம். பிறந்தநாள் விழாக்களில் அதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வீர்கள். சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று உண்டு. 1996-இல் சட்டத்தை இறுக்கும் வரை, அகதி விண்ணப்பம் போட்டவர்கள் பலருக்கு இன்கம் சப்போர்ட்டும் ஹவுசிங் பெனிபிட்டும் கிடைத்தன. நீங்கள் படுத்த அந்த அறைகளுக்கான வாடகையில் ஒரு பகுதியைக் கட்டியது உள்ளூராட்சி மன்றமான கவுன்சில். அந்த வாடகையை வாங்கி மோட்கேஜ் கட்டியவர்களில் நமக்கு முன்னமே வந்த தமிழர்களும் இருந்தார்கள். அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. அந்த உதவியில் நிமிர்ந்துதான் நீங்கள் கடை எடுத்தீர்கள், வீடு வாங்கினீர்கள், பிள்ளைகளை டொக்டராக்கினீர்கள். அந்த உதவி உங்களைச் சோம்பேறி ஆக்கவில்லையே. எங்களை மட்டும் எப்படி ஆக்கும்?

உங்கள் பயங்களில் நியாயமானவையும் உண்டு. முதலாவது, வாடகை பிந்தி வரும் என்பது. பிந்தும்தான், எப்போது, ஏன் என்று சொல்கிறேன். யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தால் முதல் கொடுப்பனவு வர ஐந்து வாரம் ஆகும். அந்த ஐந்து வாரத்தில் வாடகைத் தேதி கட்டாயம் ஒரு தடவையாவது வந்து போகும். அடுத்தது, என்னைப் போல நாலு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குகிறவர்களின் பிரச்சினை. ஆண்டுக்குப் பதின்மூன்று சம்பளம். யூனிவர்சல் கிரெடிட் பார்ப்பது மாதக் கணக்கு. ஆண்டில் ஏதோ ஒரு மாதத்தில் இரண்டு சம்பளம் சேர்ந்து விழும். அந்த மாதம் நான் பணக்காரி என்று கணினி முடிவு செய்து, கூடுதலாக விழும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் வெட்டும். நான் ஒரு மணித்தியாலம்கூட அதிகம் வேலை செய்திருக்கமாட்டேன். வாடகை அந்தத் தடவை நாலைந்து நாள் பிந்தும்.

முந்தின வீட்டுக்காரர் ஒரு குஜராத்தி மனிதர். இதை விளக்கிச் சொன்னதும் அவர் செய்தது ஒன்றுதான். வாடகைத் தேதியை ஒன்றாம் தேதியில் இருந்து, எனக்கு யூனிவர்சல் கிரெடிட் வருவதற்கு அடுத்த நாளுக்கு மாற்றினார். அதன்பின் எங்களுக்குள் வாடகை பற்றிப் பேச்சே வரவில்லை. பூட்டு, குழாய், பூனை பற்றித்தான் பேச்சு. இரண்டு மாத வாடகை நிலுவையாகிவிட்டால் வாடகைப் பங்கை நேரடியாக உங்கள் கணக்குக்கே அனுப்பும்படி நீங்கள் விண்ணப்பிக்கவும் முடியும். சம்பளத்தை மட்டும் நம்பி வாடகைக்கு இருப்பவர் வேலையை இழந்தால் உங்களுக்கு அப்படி ஒரு வழி இருக்கிறதா?

இரண்டாவது பயம், போகச் சொன்னால் போகமாட்டார்கள் என்பது. இதில் எங்கள் பக்கம் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் நோட்டீஸ் தந்ததும் கவுன்சிலுக்கு ஓடினால், "பெய்லிஃப் வரும் வரை அங்கேயே இருங்கள்" என்ற பதில்தான் பலருக்கும் கிடைக்கிறது. பெய்லிஃப் என்பவர் நீதிமன்ற உத்தரவோடு வந்து வெளியேற்றுகிறவர். முன்னமே வெளிக்கிட்டால் வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று எழுதி உதவியை மறுத்துவிடுவார்களோ என்ற பயம். எந்தக் குடும்பம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெய்லிஃபுக்காகக் காத்திருக்க ஆசைப்படும்? இது கவுன்சிலின் குற்றம். எங்களோடு சேர்ந்து கவுன்சிலர்களைக் கேட்க வேண்டிய விஷயம்.

வட்டி ஏறியது எனக்கும் தெரியும். 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 சதவீதமாக இருந்த வங்கி வட்டி 2023 ஆகஸ்டில் 5.25-க்கு வந்தது. மோட்கேஜ் வட்டியை வாடகை வருமானத்தில் முழுதாகக் கழிக்கும் வசதியையும் 2017-இல் இருந்து படிப்படியாக எடுத்துவிட்டார்கள். உங்கள் கையைக் கடிக்கிறது, வாடகையைக் கூட்டுகிறீர்கள். அந்தக் கூடிய வாடகைக்கும் எங்கள் கொடுப்பனவுக்கும் இடையில் ஏன் பள்ளம் விழுகிறது என்று எப்போதாவது பார்த்தீர்களா?

வாடகைப் பங்கின் உச்சத்தைத் தீர்மானிப்பது லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ். 2008-இல் நாடு முழுக்க வந்தபோது, ஒரு பகுதியில் வாடகைக்குப் போகும் வீடுகளில் சரிபாதி வீடுகளின் வாடகையையாவது எட்டும் அளவில் அந்தத் தொகையை வைத்தார்கள். 2011-இல் அதை முப்பது சதவீத வீடுகளுக்கு இறக்கினார்கள். அதாவது பத்து வீடு விளம்பரத்தில் இருந்தால் மலிவான மூன்றுக்குத்தான் கட்டுப்படியாகும். 2016-இல் இருந்து நாலு ஆண்டு உறைய வைத்தார்கள். 2020-இல் கொரோனா வந்ததும் ஒருதடவை உயர்த்தி, மறுபடி உறைய வைத்தார்கள். 2024 ஏப்ரலில் திரும்பவும் உயர்த்தினார்கள். அந்தத் தொகையும் 2023 செப்டம்பர் வரையான வாடகைகளை வைத்துப் போட்டது. 2025-இல் உயர்வு இல்லை. 2026-க்கும் அதே கதை. முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்த தனி ஆள் என்றால் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கான காசுதான். கடைகளில் வேலை செய்யும் நம் இளைஞர்கள் பாதிப்பேர் அதில்தான் வருகிறார்கள். இதையெல்லாம் செய்தது அரசு, நீங்கள் இல்லை. தேசிய வீட்டுக்காரர் சங்கமே இந்த உறைநிலையை எடு என்று அரசிடம் கேட்டுவருகிறது. அந்தக் குரலில் தமிழ் வீட்டுக்காரர்களின் குரல் கேட்கவில்லை. எங்களை அழைக்க வேண்டாம் என்று விளம்பரம் போடுவதில்தான் கேட்கிறது.

எங்களை மறுத்த வீடுகளுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது கூத்து. வீடு கிடைக்காத குடும்பம் கவுன்சிலுக்குப் போகிறது. கவுன்சில் தற்காலிக இடம் தேடுகிறது. அந்த இடங்களைக் கவுன்சிலுக்குக் கொடுக்கும் கம்பெனிகள், 'உத்தரவாத வாடகை' என்று சொல்லி யாரிடம் வீடு எடுக்கின்றன? உங்களிடம். நேரே வந்தபோது வேண்டாம் என்ற அதே குடும்பத்தை, நடுவில் ஒரு கம்பெனி கமிஷன் எடுத்துக்கொண்டு, உங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கலாம். லண்டனில் ஏறக்குறைய ஐம்பது பேரில் ஒருவர் இப்படித் தற்காலிக இடத்தில் இருக்கிறார். லண்டன் கவுன்சில்கள் இதற்கு ஒரு நாளைக்கு 40 லட்சம் பவுணுக்கு மேல் செலவழிக்கின்றன. இதில் ஒரு சின்னப் பங்கை லோக்கல் ஹவுசிங் அலவன்ஸில் போட்டிருந்தால் நானும் நீங்களும் நேரே பேசி முடித்திருக்கலாம்.

இனிச் சட்டம். 2020 ஜூலையில் யார்க் கவுண்டி நீதிமன்றம், பெனிபிட் எடுப்பவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக மறுப்பது சமத்துவச் சட்டத்துக்கு முரண் என்றது. பெனிபிட் எடுப்பவர்களில் பெண்களும் உடல் இயலாதவர்களும் அதிகம் என்பதால், அந்த மறுப்பு மறைமுகமாக அவர்களை ஒதுக்குவதாகிறது என்பது காரணம். நானும் என் கணவரும் அந்தத் தீர்ப்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறோம். அப்புறம் வந்தது 2025 அக்டோபர் 27-இல் அரச ஒப்புதல் பெற்ற வாடகைக் குடியிருப்பாளர் உரிமைச் சட்டம். இங்கிலாந்தில் 2026 மே 1 முதல், பெனிபிட் எடுப்பவர் என்றோ பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றோ சொல்லி வீடு மறுக்கக் கூடாது. வீட்டைப் பார்க்க வரவிடாமல் தடுப்பதும் சட்டமீறல், விளம்பரத்தில் அப்படி எழுதுவதும் சட்டமீறல். கவுன்சில் 7,000 பவுண் வரை தண்டம் போடலாம். ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை வாங்கக் கூடாது. விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் ஏலம் கேட்கக் கூடாது. மோட்கேஜ் பத்திரத்தில் பெனிபிட்காரர் கூடாது என்று இருந்தால் அந்த வரி செல்லாது. வருமானம் வாடகைக்குப் போதுமா என்று பார்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதை யாரும் பறிக்கவில்லை. வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக் கதவைச் சாத்தத்தான் முடியாது. நான் யாரையும் இன்னும் கவுன்சிலில் காட்டிக்கொடுக்கவில்லை. இது மிரட்டல் என்று நினைத்தால், அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை. விளம்பரங்களில் இருந்து அந்த வரியை எடுங்கள், எடுத்துவிட்டு அதையே தொலைபேசியில் சொல்லாதீர்கள். வருமானம் பார்க்கும்போது யூனிவர்சல் கிரெடிட்டையும் வருமானமாகக் கூட்டுங்கள். எங்கள் கணக்கில் அது வந்த விவரத்தை மாதாமாதம் காட்டத் தயார். ஏஜென்சிக்காரர்களே, உங்கள் சிஸ்டம் எடுக்காவிட்டால் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். வாடகைத் தேதியை எங்கள் கொடுப்பனவுத் தேதிக்கு மாற்றித் தாருங்கள், உங்களுக்கு இதில் ஒரு சதமும் செலவில்லை. எழுத்தில் அக்ரிமென்ட், பாதுகாப்புத் திட்டத்தில் டிபொசிட், வாடகைக்கு ரசீது அல்லது வங்கிக் கணக்கு, இந்த மூன்றும் இல்லாமல் யாருக்கும் வீடு கொடுக்காதீர்கள், சொந்த மச்சானாக இருந்தாலும்.

தமிழ் வானொலிகள், பத்திரிகைகள், கோயில் அறிவிப்புப் பலகைகளைப் பார்க்கும் நிர்வாகிகள், வாட்ஸ்அப் குழு நடத்துபவர்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். 'பெனிபிட் வேண்டாம்' என்ற வரியோடு வரும் விளம்பரத்தைத் திருப்பி அனுப்புங்கள். காசு கொடுத்தாலும் போடாதீர்கள்.

கடைசியாக, ஒரு மாலை நேரம் ஒதுக்கி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தேர்தல் நேரத்தில் அவர்கள் பொங்கல் விழாவுக்கும் தேருக்கும் வந்து மாலை போட்டுக்கொண்டு நிற்பார்கள், நம் வாக்கு அவர்களுக்குத் தெரியும். லோக்கல் ஹவுசிங் அலவன்ஸை உறைநிலையில் இருந்து எடுக்க வேண்டும், ஒவ்வோர் ஏப்ரலிலும் உண்மையான வாடகைகளோடு அதைச் சேர்த்து உயர்த்த வேண்டும், நாலு வாரச் சம்பளக்காரர்களுக்கு மாதக் கணக்கால் வரும் வெட்டைச் சரிசெய்ய வேண்டும், நோட்டீஸ் வாங்கிய குடும்பத்தைப் பெய்லிஃப் வரும் வரை காக்கவைக்கக் கூடாது என்று கேளுங்கள். எழுதும்போது வீட்டுக்காரர் என்றே கையெழுத்துப் போடுங்கள். குடியிருப்பவர்கள் எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது. உங்கள் கடிதத்தைத்தான் அவர்கள் இன்னும் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
ஹரோவில் வீடு தேடிக்கொண்டிருக்கும் ஒரு கெயரர்